எடை குறைவது நின்றுவிட்டதா? மனம் தளர வேண்டாம்!

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

 

வயல் வேலையையும் பீடிச் சுளவையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். முன்பெல்லாம் இந்த மாதிரிக் கூட்டத்தில், பிள்ளைக்கு எடை ஏறவில்லையே என்றுதான் பேச்சு நடக்கும். அந்தக் கவலை இன்றும் முழுவதும் தீரவில்லை. ஆனால் அதோடு கூட, தாய்க்கும் தகப்பனுக்கும் எடை இறங்கவில்லையே என்ற கவலையும் வந்து சேர்ந்திருக்கிறது.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மாவாட்டக் கிரைண்டர் வந்துவிட்டது. பக்கத்துத் தெருவுக்குப் போகக்கூட மோட்டார் சைக்கிள். பீடி சுற்றும் தாய்மார்கள் காலையில் சுளவை மடியில் வைத்தால், கடையில் கணக்கு ஒப்படைக்கும் வரை எழுந்திருப்பதில்லை. உடம்பு வேலை குறைந்தது. சோற்றுத் தட்டு மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே இருக்கிறது. கூடவே எண்ணெயும் சர்க்கரையும் தாராளமாகிவிட்டன. அதன் பலன்தான் இடுப்பைச் சுற்றிய ஊளைச் சதை, சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு.

எடையைக் குறைக்கத் தொடங்குவது எப்படி என்று சொல்ல இன்று நான் வரவில்லை. அது பலருக்கும் தெரியும். தொடங்கியும் இருக்கிறீர்கள். இரண்டு மூன்று மாதம் நன்றாகக் குறைந்து, பிறகு தராசு முள் ஓரிடத்தில் நின்றுவிடுகிறதே, அந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்காக.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம்

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். ஆற்றங்கரைக் கிராமம். மனைவிக்கு வயது 38, உயரம் 150 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. வீட்டில் பீடி சுற்றுகிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தபோது, வெறும் வயிற்றில் சர்க்கரை 112. “இது இன்னும் வியாதி ஆகவில்லை அம்மா. ஆனால் வாசற்படியில் நிற்கிறீர்கள். எடையைக் குறையுங்கள்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய தாய்க்குச் சர்க்கரை வியாதியால் ஒரு கால் விரல் போனதை அவள் கண்ணால் பார்த்தவள். பயந்துவிட்டாள். இராத்திரிச் சோற்றைக் குறைத்தாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். காலையில் கொஞ்சம் நடந்தாள். மூன்று மாதத்தில் 64 கிலோ! தெருவே பாராட்டியது.

அதற்கப்புறம் ஆறு வாரம். முள் அசையவில்லை.

“என்னங்க, நானும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் பாத்துட்டேன். முள்ளு அந்த எடத்த விட்டு அசைய மாட்டேங்கு.”

“அப்பம் விட்டுத் தள்ளு. நம்ம வம்சமே கனத்த உடம்புதான். நாலு நாள் இருக்கப் போறோம், நல்லாச் சாப்பிட்டுட்டுப் போவோம்.”

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவள் மூன்று மாதம் பட்ட பாடு வீணாகப் போகப் பார்த்தது. கணவன்மார்களே, இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். பின்னால் உங்களிடம் வருகிறேன்.

முள் ஏன் நிற்கிறது?

உடம்பு உங்களை ஏமாற்றவில்லை. அது தன் கணக்கைச் சரியாகப் பார்க்கிறது. அந்தக் கணக்கு நமக்குப் புரிந்தால் மனம் தளராது.

முதலாவது: தொடக்கத்தில் வேகமாகக் குறைவது முழுவதும் கொழுப்பல்ல. கல்லீரலிலும் தசையிலும் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதில் ஒரு பங்கோடு சுமார் மூன்று பங்கு தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் அந்தச் சேமிப்பு செலவாகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. எனவே முதல் மாத வேகம் பிறகு வராது. வராதது இயற்கை.

இரண்டாவது: சிறிய உடம்புக்குச் சிறிய செலவு. 68 கிலோவைச் சுமந்து நடந்த கால், இப்போது 64 கிலோவைத்தான் சுமக்கிறது. ஒரு கிலோ குறைந்தால், உடம்பின் தினசரிச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் அக்காள் 4 கிலோ குறைத்தாள் அல்லவா? அப்படியானால் அவள் உடம்பு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி மிச்சம் பிடிக்கிறது.

மூன்றாவது: பசி கூடுகிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும், நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லிப் பசி தூண்டுகிறது என்பதும் அதே ஆராய்ச்சியில் கண்டதுதான். 4 கிலோவுக்கு 400 கலோரி! உடம்புக்கு நீங்கள் மெலிவது நன்மைக்கென்று தெரியாது. பஞ்சம் வந்துவிட்டதென்று நினைத்துக் கொள்கிறது. ஆகவே, “எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை” என்று உங்களையே நீங்கள் திட்டிக்கொள்ள வேண்டாம்.

நான்காவது: கசிவு. கார் சாகுபடியோ பிசானமோ, மடை திறந்திருந்தும் வயலில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் விவசாயி என்ன செய்கிறார்? வயலைத் திட்டுகிறாரா? விவசாயத்தை விட்டுவிடுகிறாரா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வருகிறார். எங்கேயோ ஒரு நண்டு வளை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தேடிக் கண்டுபிடித்து அடைக்கிறார். எடை நின்றுபோனால் நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

நண்டு வளை எங்கே?

அந்த அக்காளின் வீட்டு வரப்பைச் சுற்றிப் பார்ப்போம். தட்டில் சோறு குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்து, “அன்னத்தைக் கொட்டினா லெச்சுமி போயிருவா” என்று மாமியார் சொல்ல, அதை இவள் வழித்துச் சாப்பிடுகிறாள். ஒரு சோற்றுக் கரண்டி, அதாவது 100 கிராம் சோறு, சுமார் 130 கலோரி. டீயில் சர்க்கரையை நிறுத்தியவள், “கருப்பட்டிதானே, நாட்டு மருந்து” என்று கருப்பட்டிக் காப்பிக்கு மாறிவிட்டாள். உடன்குடிக் கருப்பட்டி மணமானதுதான். ஆனால் எடைக் கணக்கில் அதுவும் சர்க்கரைதான். தாளிப்பில் கை அளவாக ஊற்றிய எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி கூடினாலே சுமார் 120 கலோரி. ஞாயிற்றுக்கிழமை சொதி; தேங்காய்ப்பால் ஒன்றாம் பால், இரண்டாம் பால் என்று முழுத் தேங்காய். டவுனுக்குப் போன கணவர் வெறுங்கையோடு வருவாரா? அல்வாப் பொட்டலம். கோதுமைப் பால், சர்க்கரை, நெய். வேறென்ன இருக்கிறது அதில்?

இதில் ஒன்றும் பாவமில்லை. சொதியும் அல்வாவும் நம் மண்ணின் பெருமை. ஆனால் இவை கணக்கில் ஏறாமல் வந்தவை. அதுதான் நண்டு வளை.

எனவே ஒரு வாரம், ஏழே நாள், வாயில் போட்டது எல்லாவற்றையும் பிள்ளையின் பழைய நோட்டில் எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் கணவனும் மனைவியும் சேர்ந்து படித்துப் பாருங்கள். இரண்டு வளையாவது தென்படும். அந்த இரண்டை அடைத்தால் போதும்.

செய்யக் கூடாதவை

முள் நின்ற கோபத்தில் சிலர் பட்டினி கிடக்கத் தொடங்குகிறார்கள். அது வேண்டாம். 1944-45-ல், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். திடகாத்திரமான 36 வாலிபர்கள் தாமாக முன்வந்து, சுமார் ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் உடம்பும் தன் செலவைப் பெரிதும் சுருக்கிக்கொண்டது. எப்போதும் குளிர், சோர்வு, எரிச்சல், இராப்பகலாகச் சாப்பாட்டு நினைப்பு. சோதனை முடிந்து சாப்பாடு கிடைத்ததும், எத்தனை சாப்பிட்டாலும் சிலருக்குத் திருப்தி வரவில்லை. பட்டினியால் வரும் பலன் நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று சொல்வார்கள். கொள்ளு நல்லதுதான், புரதமும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு கரையாது. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கொள்ளுச் சுண்டல் வைத்தால் பலன் உண்டு. “பத்தே நாளில் பத்துக் கிலோ” என்று விற்கும் பொடிகளையும் மாத்திரைகளையும் தொடாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

செய்ய வேண்டியவை

முதலில் சரியாக எடை பாருங்கள். தினம் தினம் ஏறி இறங்கினால் மனக்கஷ்டம்தான் மிச்சம். வாரத்தில் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, ஒன்றும் சாப்பிடாமல், ஒரே தராசில், சமமான கெட்டித் தரையில். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் உடம்பில் நீர் தங்கி எடை கூடுதலாகக் காட்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் என்று உப்பு கூடினாலும் அப்படித்தான். ஆகவே இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, இடுப்பை அளங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போகக் கூடாது. டேப் இல்லையா? ஒரு கயிற்றை எடுத்து, தலையிலிருந்து கால் வரை உங்கள் உயரத்துக்கு அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த கயிறு தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றி எட்டினால் நல்லது. எட்டவில்லை என்றால் எத்தனை விரல் இடைவெளி என்று பாருங்கள். எடை நின்ற மாதத்திலும் அந்த இடைவெளி ஒரு விரல் குறைந்திருக்கலாம். அது தராசுக்குத் தெரியாது, கயிற்றுக்குத் தெரியும்.

மூன்றாவது, தட்டை மாற்றுங்கள். நெல் விளையும் பூமியில் இருந்துகொண்டு சோறே வேண்டாம் என்று நான் சொன்னால், கூட்டம் கலைந்துவிடும். சோறு சாப்பிடுங்கள், கரண்டியால் அளந்து ஒரே முறை போட்டுக்கொள்ளுங்கள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கு சோறு. சாளை மீன் குழம்பாக வைத்தால் விலையும் குறைவு, சத்தும் அதிகம். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரைந்து போகும். தசை கரைந்தால் உடம்பின் செலவு இன்னும் குறையும். எண்ணெயைப் பொறுத்தவரை, ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் குடும்பம் என்றால் மாதம் இரண்டு லிட்டரை ஒரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். மாதம் முழுவதும் அதற்குள்தான்.

நான்காவது, அசைவு. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம் வேகநடை. பேசிக்கொண்டே நடக்கலாம், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். மூன்று மாதமாக ஒரே தூரம் நடந்தவர்கள், இனி பத்து நிமிடம் கூட்டுங்கள். பீடி சுற்றுகிறவர்களும் பாய் நெய்கிறவர்களும் தறியில் உட்காருகிறவர்களும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, தண்ணீர்ப் பானை வரை போய் வாருங்கள். ஒரு நாற்காலியில் பத்துத் தடவை கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள். கால் தசைக்கு அது நல்ல வேலை. தூக்கத்தையும் விடாதீர்கள். இராத்திரி செல்போனில் கண் விழித்தால், மறுநாள் பசி கூடும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

எண்ணெய் வாங்குவது யார்? அல்வாப் பொட்டலம் கொண்டுவருவது யார்? “இன்னும் ரெண்டு போடு” என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவது யார்? வீட்டில் ஒருவர் மட்டும் பத்தியம் இருந்து வென்றது அபூர்வம். தனிச் சமையல், தனித் தட்டு என்றால், அந்தப் பெண் எத்தனை நாள் தாங்குவாள்? பத்தியம் அவளுக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் இடுப்பையும் அந்தக் கயிற்றால் அளந்து பாருங்கள்!

விடியற்காலையில் பெண்பிள்ளை தனியாக நடக்கத் தயங்குகிறாள். நீங்கள் கூட நடந்தால், கால்வாய்க் கரையில் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசியது போலவும் இருக்கும். பிள்ளை படிப்பு, கடன் கணக்கு எல்லாம் அங்கேயே தீரும். முள் நின்ற வாரத்தில் “விட்டுத் தள்ளு” என்று சொல்லாதீர்கள். “நாலு கிலோ திரும்பி ஏறாம வச்சிருக்கியே, அதுவே பெரிசு. வா, நடப்போம்” என்று சொல்லுங்கள். ஒரு மருந்துக்கும் இல்லாத பலம் அந்தச் சொல்லுக்கு உண்டு.

முள் மட்டுமே பலன் அல்ல

இப்போது முக்கியமான விஷயம். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நம் அக்காளைப் போலவே சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சாப்பாட்டையும் நடையையும் சீர்திருத்தித் தொடர்ந்து ஊக்கம் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பிரிவுகளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று ஆண்டில், வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. மாத்திரை இல்லாமல், பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? பழக்கத்தை மாற்றியவர்களுக்கு எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை! முள் அசையாமலே வியாதி தள்ளிப் போயிற்று. நடக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அது எடைக்காகக் காத்திருப்பதில்லை.

எடையும் குறைந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 100-க்கு 7 பங்கு குறைப்பதையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தார்கள். சர்க்கரை வியாதி வரும் அபாயம் 100-க்கு 58 பங்கு குறைந்தது. 68 கிலோவில் 7 பங்கு என்றால் ஐந்து கிலோவுக்கும் குறைவுதான். நம் அக்காள் ஏற்கெனவே 4 கிலோ குறைத்துவிட்டாள். தோற்றுவிட்டதாக அவள் நினைத்த இடம், முக்கால் வழியையும் தாண்டிய இடம்!

ஆகவே முள் இரண்டு மூன்று மாதம் நின்றாலும், அது ஏறாமல் இருப்பதே ஒரு வெற்றி. அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, வளையை அடைத்துவிட்டு, மறுபடி நடக்கலாம். மாதம் ஒரு கிலோ, அரைக் கிலோ குறைந்தால் போதும்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள் எடை குறைக்கும் முயற்சியில் இறங்கவே கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் செவிலியரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் எடை ஏறிக்கொண்டே போனால், அதோடு அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால், தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிற பெண்களும், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரும் கூச்சப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். சினைப்பைக் கட்டிகள் பிரச்சினை உள்ள பெண்களில் பலருக்கு, எடையில் 100-க்கு 5 பங்கு குறைந்தாலே மாதவிலக்கு சீர்ப்படுவதுண்டு. கருத்தடை ஊசி போட்டுக்கொண்டபின் எடை கூடியதாகத் தோன்றினால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேறு முறை எது பொருந்தும் என்று செவிலியரைக் கேளுங்கள். எந்த முயற்சியும் செய்யாமல் எடை தானாகக் குறைந்தால், அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். உடனே சோதித்துப் பாருங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

வீட்டுக்குப் போனதும் ஒரு கயிறு, ஒரு பழைய நோட்டு, இரண்டும் எடுத்து வையுங்கள். இன்று இரவே இருவரும் இடுப்பை அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். நாளைக் காலையில் இருவரும் சேர்ந்து நடங்கள். மூன்று மாதம் கழித்துச் சுகாதார நிலையத்துக்கு வந்து, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முள் நிற்கலாம். நாம் நிற்க வேண்டியதில்லை. நண்டு வளைக்குப் பயந்து வயலைத் தரிசு போட்டவர் நம் ஆற்றங்கரையில் யாரும் இல்லை.